ஸ்பிரிட் அலமாரி ஆணியில் தொங்கும் குப்பி

நான் வேலையை விட்டு நின்ற அன்று பட்டறையில் மாலை போட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதுவும் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது. ஆயுசு முழுக்க நான் அப்படித்தான். நாலு பேர் பார்த்தால் வாய் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது பட்டறையை நடத்தும் பிரியா எஞ்சினியர் அன்றைக்கு என் பக்கத்தில் வந்து ஒன்று கேட்டார். "புஷ்பம்மா, ஸ்பிரிட் அலமாரிக் கதவுல ஒரு ஆணி அடிச்சு சின்னக் குப்பி தொங்குதே, அது என்ன? யாரைக் கேட்டாலும் உங்களைக் கை காட்டுறாங்க. அடுத்த மாசம் ஸ்டீல் அலமாரி வருது. குப்பியைக் கழட்டிடலாமா?"

பிறகு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். சொல்ல வேண்டிய விஷயம்தான், ஆனால் நின்றுகொண்டு சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். பிழை இருந்தால் பிரியா திருத்திக்கொள்ளட்டும்.

எங்கள் அப்பா சங்கு குளித்தவர். ஆழத்துக்குப் போய்ப் போய்க் காது போனது. அவர் கரையில் உட்கார்ந்ததும் நான் பள்ளிக்கூடத்தை விட்டு உப்பளத்துக்குப் போனேன். சில வருஷம் கழித்து, கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு பட்டறையில் கண்ணாடி கழுவப் பெண் வேண்டுமாம் என்று கோயிலில் கேள்விப்பட்டுப் போய் நின்றேன். பட்டறையைப் பார்த்துக்கொண்டவர் ஞானராஜ் சார். நாசரேத்துக்காரர், புராட்டஸ்டண்ட் சர்ச் குடும்பம். நாங்கள் கத்தோலிக்கர், எங்களுக்கு அது கோயில். என் பெயரைக் கேட்கும் முன்னால் கையைக் காட்டச் சொன்னார். உப்பு தின்ற கை, விரலெல்லாம் வெடிப்பு.

"இந்தக் கையில இன்னும் உப்பு இருக்கேம்மா" என்றார்.

வேலை இல்லை என்று நினைத்துத் திரும்பினேன். "போகச் சொல்லலம்மா. வெடிப்பு ஆறட்டும்னுதான் சொல்லுதேன். அதுவரைக்கும் தரையைப் பெருக்குங்க" என்றார். எனக்கு அப்போது பதினெட்டு வயதுகூட இருக்காது. என்னை 'நீங்க' என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். கை ஆறியது. கழுவப் பழகினேன், பிறகு கம்பி கோக்கப் பழகினேன். பழகிய கதை அவ்வளவுதான்.

எங்களுக்கு வேலை, எண்ணுகிற ட்யூபுகளைத் திரும்ப உயிர்ப்பிப்பது. கண்ணுக்குத் தெரியாத கதிர் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று டிக் டிக் என்று சத்தம் போட்டு எண்ணிச் சொல்லும் கருவி உண்டல்லவா, அதன் உயிர் இந்த ட்யூபில் இருக்கிறது. வெளியே கண்ணாடிக் குழாய். அதற்குள் செம்பு உருளை. உருளையின் நட்ட நடுவில் தலைமுடி கனத்தில் ஒரு டங்ஸ்டன் கம்பி. உள்ளே காற்றை எடுத்துவிட்டு ஆர்கான் வாயுவும் கொஞ்சம் ஸ்பிரிட் ஆவியும் அடைத்திருப்பார்கள். கதிர் உள்ளே நுழைந்தால் ஒரு மின்துடிப்பு எழும். அந்தத் துடிப்பை உடனே அடக்கி, அடுத்ததை எண்ண ட்யூபைத் தயார் செய்வது ஸ்பிரிட் ஆவியின் வேலை. எண்ண எண்ண அந்த ஆவி தேய்ந்துபோகும். தேய்ந்துவிட்டால் ட்யூப் வீண். அந்தக் காலத்தில் புதிது வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டும், அதற்கு லைசென்ஸ் வேண்டும். அதனால் கடற்கரை மணல் கம்பெனிக்காரர்களும் ஆஸ்பத்திரிக்காரர்களும், துறைமுகத்தில் வெல்டிங்கைக் கதிர் வைத்துப் படம் பிடிக்கிறவர்களும் செத்த ட்யூபுகளை வைக்கோல் வைத்த பெட்டியில் எங்களிடம் கொண்டுவருவார்கள்.

ட்யூபின் ஒரு முனையைச் சூடாக்கித் திறப்பது கண்ணாடி ஊதும் சவேரி அண்ணன். உருளையை வெளியே எடுத்து என்னிடம் தருவார். நான் ஆசிட் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, ஓடுகிற தண்ணீரில் கழுவி, பிறகு டிஸ்டில்டு வாட்டரில் கழுவி ஓவனில் உலர்த்துவேன். புதுக் கம்பியை இடுக்கியால் மட்டும்தான் தொட வேண்டும். கம்பியில் கரண்ட் விட்டு ஒரு கணம் சிவக்க வைத்தால் அதில் ஒட்டிய நூலும் தூசியும் எரிந்துபோகும். கம்பி நேராக நிற்க, அடியில் ஒரு ஈயக் குண்டைத் தொங்கவிட்டுப் பிடித்திருப்பேன். சவேரி அண்ணன் கண்ணாடியை உருக்கிக் கம்பியை மூடுவார். அந்த நேரம் இரண்டு பேருமே மூச்சு விடமாட்டோம்.

மற்ற நேரம் அவர் வாய் ஓயாது. கடற்கரைத் தெருக்காரர், ஒல்லியான ஆள், கன்னம் மட்டும் ஊதி ஊதித் தொங்கியிருக்கும். "ஏளா புஷ்பம், நீ பேசி ஒருநாளும் நான் கேட்டதில்லையே. செத்த ட்யூபுக்குக்கூட வோல்டேஜ் குடுத்தா சத்தம் குடுக்கு. உனக்கு எம்புட்டு வோல்டேஜ் குடுக்கணும், சொல்லு" என்பார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன். உள்ளேயிருந்து சார் குரல் வரும். "சவேரி, ஊதுங்க. பேச்சைப் பிறகு பார்ப்போம்."

கடைசி வேலை சாருடையது. ட்யூபைப் பம்பு மேடையில் பொருத்தி, சூடேற்றி, உள்ளே இருப்பதை எல்லாம் உறிஞ்சி எடுப்பார். பிறகு சின்னக் குடுவையிலிருந்து ஸ்பிரிட் ஆவியை விடுவார், அதற்கு மேல் ஆர்கானை விடுவார். எவ்வளவு உள்ளே போனது என்று பாதரசக் குழாய் சொல்லும். அந்தப் பாதரச மட்டத்தைப் பார்க்க அவர் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுவார். வெள்ளைக் கால்சட்டை அழுக்காகும் என்று பார்க்கமாட்டார். கண் மட்டத்துக்கு நேராக வந்த பிறகு கண்ணாடியை நகத்தால் ஒரு தட்டு தட்டுவார். ஒட்டியிருந்த பாதரசம் அடங்கும். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்து எண்ணைச் சொல்வார். "நின்னுக்கிட்டுப் பார்த்தா மட்டம் நமக்குப் பிடிச்சதைச் சொல்லும்" என்பார். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்த "சரி"க்கு எல்லாரும் பயப்படுவோம்.

அடைத்த ட்யூபை மூடும் முன்னால் சோதித்தாக வேண்டும். கடற்கரைக் கறுப்பு மணலைச் சின்ன டப்பியில் வைத்து மெழுகு போட்டு மூடியிருப்போம். அதில் கொஞ்சம் கதிர் உண்டு. டப்பியைப் பக்கத்தில் வைத்து வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போனால் எண்ணிக்கை ஏறும். ஓர் இடத்துக்கு வந்ததும் வோல்டேஜை ஏற்றினாலும் எண்ணிக்கை ஏறாமல் நிற்க வேண்டும். அப்படி நிற்கும் இடத்தை நாங்கள் மேடை என்போம். மேடை நீளமாக இருந்தால் நல்ல ட்யூப். மேடையே இல்லையென்றால் அது எண்ணுவது எல்லாம் பொய். துறைமுகத்தில் படம் பிடிக்கிறவர் கையில் அந்த ட்யூப் இருந்தால், கருவி ஒருநாள் சும்மாவே கத்தும், இன்னொருநாள் கதிர்ப் பெட்டி திறந்து கிடக்கும்போதும் பேசாமல் இருந்துவிடும். அவர் மூடியிருக்கிறது என்று நம்பிப் பக்கத்தில் போவார்.

இனி ஸ்பிரிட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீர் துளியும் கலக்காத சுத்த ஸ்பிரிட் அது. பர்மிட்டில் வரும். சார் காப்பி தவிர எதுவும் குடிக்காதவர், கல்யாண வீட்டில் கலர் சோடா கொடுத்தாலும் வேண்டாம் என்பார். அவர் பொறுப்பில்தான் அந்தச் சாராயப் புட்டி முழுவதும் இருந்தது. சவேரி அண்ணனோ குடிக்கிறவர். ஒருநாள் மத்தியானம் புட்டியிலிருந்து எடுத்து சோடாவில் கலந்து குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, சூடான கண்ணாடியை வெறுங்கையால் பிடித்துவிட்டார். சார் தானே மருந்து போட்டுக் கட்டினார். கட்டி முடித்துவிட்டுச் சொன்னார்.

"சவேரி, இது முதல் தடவை. இன்னொரு தடவை நடந்தா நான் சத்தம் போடமாட்டேன், காரணமும் கேக்கமாட்டேன். அன்னைக்கே கணக்கைத் தீர்த்து அனுப்பிருவேன்."

அதற்குப் பிறகுதான் மர அலமாரி வந்தது, பூட்டு வந்தது. புட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டி, ஸ்பிரிட் எடுக்கும்போதெல்லாம் மட்டத்தில் பென்சிலால் கோடு போடுவார் சார். சவேரி அண்ணன் அந்த வருஷம் மணப்பாட்டுத் திருவிழாவுக்கு நடந்தே போய், இனிக் குடிப்பதில்லை என்று சிலுவைக்கு முன்னால் நேர்ந்துகொண்டு வந்தார். தெருவில் யாரும் நம்பவில்லை. அவர் மனைவி லூர்து அக்காவும் நம்பவில்லை.

லூர்து அக்கா எங்கள் பட்டறையில்தான் கூட்டிப் பெருக்கினாள். சனிக்கிழமை மத்தியானம் அலமாரிகளைத் துடைப்பாள். ஸ்பிரிட் அலமாரிச் சாவியை அந்த ஒரு வேளைக்கு மட்டும் சார் அவளிடம் கொடுப்பார். "இந்த ஊர்ல ஸ்பிரிட்டை என்னைவிட வெறுக்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான் லூர்தம்மா. உங்க கையில சாவி இருந்தா எனக்குப் பயமில்ல" என்று சொல்லிச் சிரிப்பார். சார் சிரிப்பது அபூர்வம்.

ஐப்பசி மழை தொடங்கிய சமயம் ட்யூபுகள் கெட ஆரம்பித்தன. துறைமுகத்துக்காரர்களின் பெட்டி ஒன்று வந்திருந்தது. முதலில் அடைத்தவை ஒருமாதிரி இருந்தன. போகப் போக மேடை குறுகிக்கொண்டே வந்து, கடைசியில் மேடையே இல்லை. வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினாலே ட்யூப் உள்ளுக்குள் நீலமாக எரிந்து ஓயாமல் கத்தியது.

முதல் சந்தேகம் என் மேல்தான். கழுவியதில் உப்போ ஆசிட்டோ மிஞ்சியிருந்தால் இப்படி ஆகும். சார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு கழுவும் தொட்டிக்கு வந்து, ஒரு ட்யூபைத் தானே கழுவினார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் கழுவியதும் அதேபோலக் கெட்டது. "உங்க கை இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்தான் அழுதேன்.

அடுத்தது கசிவு. பொறி பறக்கும் ஒரு கோலைக் கண்ணாடி முழுக்க நடத்திப் பார்ப்போம், மயிரிழை ஓட்டை இருந்தாலும் பொறி அங்கே போய்க் குத்தி நிற்கும். எங்கும் நிற்கவில்லை. சவேரி அண்ணன் மூட்டுகளை எல்லாம் திரும்ப உருக்கி ஊதினார். ஆர்கான் சிலிண்டரை மாற்றினார்கள். கம்பிச் சுருளை மாற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பம்பு எண்ணெயை இறக்கினார் சார். அது மோர் மாதிரி வெளுத்திருந்தது.

"தண்ணி. எங்கிருந்தோ தண்ணி ஏறுது" என்றார்.

"மழைக் காத்து சார். கடக்கரையில எதுலதான் தண்ணி ஏறல? எங்க வீட்டுத் தீப்பெட்டியக் கொண்டாரட்டா, உரசிப் பாருங்க" என்றார் சவேரி அண்ணன்.

சார் சிரிக்கவில்லை. மயில்துத்தத்தை ஒரு கிண்ணத்தில் போட்டு அடுப்பில் வறுத்தார். நீலம் போய் வெள்ளைப் பொடி ஆயிற்று. தண்ணீர் பட்டால் அது திரும்ப நீலமாகும், சுத்த ஸ்பிரிட் பட்டால் வெள்ளையாகவே இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லிவிட்டு, அலமாரியைத் திறந்து புட்டியிலிருந்து நாலு சொட்டு விட்டார். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். பொடியின் ஓரத்தில் நீலம் பூத்து நடுவரைக்கும் ஓடியது.

சார் நிமிர்ந்து சவேரி அண்ணனைப் பார்த்தார். எடுத்துக் குடித்துவிட்டு, கோடு இறங்காமல் இருக்கத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார் என்று சார் நினைத்தது எனக்கே புரிந்தது. சாவி சவேரி அண்ணன் மனைவி கைக்கு வாராவாரம் போகிறதே.

"சவேரி, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

சவேரி அண்ணன் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல சார்" என்றார்.

"நீங்க இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. கேட்டுக்கிடுதேன்."

"ஒண்ணுமில்ல சார்."

"சரி" என்றார் சார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

சவேரி அண்ணன் பர்னரை அணைத்தார். ஊதுகுழலை வாய் வைக்கும் பக்கம் துடைத்து, அதன் இடத்தில் வைத்தார். என்னைத் தாண்டிப் போகும்போது எப்போதும் போல ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

லூர்து அக்கா அப்போது ஏரலில் தன் அக்கா வீட்டில் இருந்தாள், அங்கே பேறுகாலம். திரும்பி வந்து வேலைக்கு நுழைந்தவள் நேரே கழுவும் தொட்டிக்கு வந்தாள்.

"ஏளா, உங்க அண்ணன் வேலைய விட்டுட்டேங்கான். என்னன்னு கேட்டா மூஞ்சத் திருப்புதான். மறுபடியும் குடிச்சானா? உண்மையைச் சொல்லு."

நான் பொடி நீலமானதைச் சொன்னேன். ஸ்பிரிட்டில் தண்ணீர் இருந்ததைச் சொன்னேன். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவைத்தாள்.

"தண்ணின்னா... எம்புட்டுத் தண்ணி?"

"தெரியாதுக்கா. துளி இருந்தாலும் ட்யூப் கெட்டுப்போகுமாம்."

"மந்திரிச்ச தண்ணின்னாலுமா?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. அவள் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் காட்டினாள். கோயிலில் பங்குச் சாமியார் மந்திரித்துத் தரும் தண்ணீர். எங்கள் வீடுகளில் நிலைப்படிக்குப் பக்கத்தில் எப்போதும் இருப்பதுதான். சனிக்கிழமை தோறும் சாவி கைக்கு வரும்போது, சிலுவை போட்டுக்கொண்டு ஒரு மூடி தண்ணீரை அந்தப் புட்டியில் ஊற்றியிருக்கிறாள். தன் புருஷன் வாய்க்கு அது போகக் கூடாது, போனாலும் அவனைக் கெடுக்கக் கூடாது என்று.

"நான் நல்லதுக்குல்லாடி செஞ்சேன். எம்புள்ளைகளுக்கு அவன் சம்பாத்தியந்தானே பெருசு... நாஞ் சொன்னா எனக்கும் வேலை போயிரும். சொல்லலைன்னா அவன் திருடன்னு ஆயிருவான்." என் கையைப் பிடித்தாள். "நீ போய்ச் சொல்லுளா. எனக்கு வாய் வராது."

"எனக்கு வாயே கிடையாதேக்கா" என்றேன்.

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "கூட வா. கதவை மட்டும் தட்டு" என்றாள். தட்டினேன். என் பங்கு அவ்வளவுதான்.

சார் முழுவதையும் கேட்டார். நடுவில் குறுக்கே பேசவில்லை. அவள் முடித்ததும் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். புட்டிக்கு முன்னால் ஒரு முழங்காலை ஊன்றினார். தாளில் போட்ட பென்சில் கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து வெகு நேரம் பார்த்தார். நகத்தால் தட்டினார்.

"குடிச்சுட்டுத் தண்ணி ஊத்துனவன் கோட்டுக்குச் சரியா ஊத்துவான்" என்றார். எங்களுக்குச் சொன்னாரா, தனக்கே சொன்னாரா தெரியாது. "மட்டம் கோட்டுக்கு மேல நிக்குது. எதுவும் குறையல, கூடியிருக்கு. வாராவாரம் இதைப் பார்த்தேன். என் கோடுதான் சாய்ஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்."

எழுந்து, முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டாமலே நின்றார். ஆனாலும் அத்தோடு விடவில்லை. அவர் சோதிக்காமல் எதையும் முடிக்கமாட்டார். சீல் உடைக்காத புதுப் புட்டி ஒன்றைத் திறந்து பொடியில் விட்டார். வெள்ளையாகவே இருந்தது. அந்த ஸ்பிரிட்டால் ஒரு ட்யூபை அடைத்தார். மேடை நீளமாக நின்றது. பிறகு வேறொரு குடுவையில் கொஞ்சம் ஸ்பிரிட் எடுத்துக்கொண்டு, "அந்தத் தண்ணியில ஒரு மூடி குடுங்கம்மா" என்றார்.

லூர்து அக்கா குப்பியை மார்போடு பிடித்துக்கொண்டாள். "இது சோதிச்சுப் பார்க்கிறதுக்கு இல்ல சார்."

சாருடைய சர்ச்சில் இந்தத் தண்ணீருக்கு மதிப்பில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஏதாவது சொல்லிவிடுவார் என்று பார்த்தேன். அவர் குடுவையைக் கீழே வைத்தார்.

"சரிதான், வேண்டாம். புஷ்பம், பைப்புல பிடிச்சுட்டு வாங்க."

பைப்புத் தண்ணீர் ஒரு மூடி விட்டதும் பொடி நீலமானது. அந்த ஸ்பிரிட்டால் அடைத்த ட்யூப் மழைக்காலத்து ட்யூபுகளைப் போலவே நீலமாக எரிந்து கத்தியது.

"அப்போ பைப்புத் தண்ணியும் மந்திரிச்ச தண்ணியும் ஒண்ணா சார்?" லூர்து அக்கா கேட்டாள். அவள் குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

"ட்யூபுக்கு ஒண்ணுதாம்மா. மனுசனுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது" என்றார் சார். குடையை எடுத்தார். "சவேரி எங்கன இருப்பாரு?"

மழை விட்டிருந்தது. அவர் முன்னால் நடந்தார், நாங்கள் பின்னால் போனோம். சவேரி அண்ணன் கரையில் ஏற்றிப் போட்ட ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து தம்பியின் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஷூவில் ஈர மணல் அப்ப வந்து நின்ற சாரைப் பார்த்ததும் எழுந்தார். பின்னால் மனைவியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"சவேரி, நான் தப்பாச் சொல்லிட்டேன். வேலைக்கு வாங்க."

சுற்றிலும் வலை வேலை பார்த்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். சார் குரலைத் தாழ்த்தவில்லை. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று நினைத்தார் போல.

"அவ சொல்லிட்டாளா?" என்று கேட்டார் சவேரி அண்ணன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன சார். சனிக்கிழமை நான் பர்னர் முன்னால இருக்கும்போது அவ சிலுவை போட்டு ஊத்துறத நிறைய வாரம் பார்த்திருக்கேன். தண்ணி பட்டா ட்யூப் கெடும்னு நீங்க பொடி போட்டுக் காட்டுன பொறவுதான் எனக்கே தெரியும். அப்போ சொல்லியிருந்தா, பார்த்துட்டும் மறைச்சேன்னு என்னையும் அவளையும் சேர்த்து அனுப்பியிருப்பீக. ரெண்டுல ஒரு வேலையாவது மிஞ்சட்டும்னு வந்துட்டேன்."

"ஏலே, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா" என்றாள் லூர்து அக்கா. ஊர் பார்க்கப் புருஷனை ஏலே என்று அவள் கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன்.

சார் விடவில்லை. "ஒண்ணு கேக்கணும். ஒரு மனுசனாக் கேக்கேன். இவ்வளவு நாளும் உங்களுக்கு அதைக் குடிக்கத் தோணவே இல்லையா?"

சவேரி அண்ணன் கையிலிருந்த வலையைப் பார்த்தார்.

"தினமும் தோணும் சார். லூர்து கையிலருந்து சாவியை வாங்க எனக்கு எம்புட்டு நேரம் ஆகும்? ஆனா மந்திரிச்ச தண்ணி அதுக்குள்ள கிடக்கு. அதைக் குடிச்சுட்டு நான் கோயில்ல எங்கன போய் நிக்க?"

சார் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் "சரி" என்று சொல்லவில்லை. துடைத்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலையில் நான் போனபோது சார் எனக்கு முன்னால் வந்திருந்தார். சுத்தியலை வைத்துக்கொண்டு ஸ்பிரிட் அலமாரிக் கதவில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். சுத்தியல் பிடித்துப் பழக்கமில்லாத கை, முதல் ஆணி வளைந்து கீழே கிடந்தது. லூர்து அக்கா வந்ததும் சொன்னார்.

"லூர்தம்மா, உங்க தண்ணி இனிமே இங்கன இருக்கட்டும். கதவுக்கு வெளியே. உள்ள ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. கதவைத் திறக்கிறவன் இதைத் தாண்டித்தான் திறக்கணும். போதுமா?"

அவள் குப்பியின் கழுத்தில் நூல் கட்டி மாட்டினாள். துறைமுகத்துக்காரர்களின் ட்யூபுகளை முதலிலிருந்து திரும்ப அடைத்தோம், எல்லாவற்றுக்கும் மேடை நீளமாக நின்றது. சாவி சனிக்கிழமை தோறும் பழையபடி லூர்து அக்கா கைக்கே போனது. சவேரி அண்ணன் அலமாரிப் பக்கம் போகும்போது ஒரு விரலால் குப்பியைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார். எனக்குத் தெரிந்து அவர் அதற்குப் பிறகு குடிக்கவில்லை. ஒன்றிரண்டு தடவை தெருவில் பேச்சு வந்தது, உண்மையா என்று நான் விசாரித்ததில்லை. பட்டறைக்குள் அவர் கை ஒருநாளும் நடுங்கவில்லை.

பல வருஷம் கழித்து லூர்து அக்கா முதலில் கண்ணை மூடினாள். அடுத்த மழைக்கு முன்னால் சவேரி அண்ணனும் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். அவர் அடக்கத்துக்கு ஞானராஜ் சார் வந்தார். அதற்குள் அவர் ஓய்வு பெற்று, கைத்தடி ஊன்ற ஆரம்பித்திருந்தார். எங்கள் வழக்கப்படி பெட்டியை மூடும் முன்னால் ஒவ்வொருவராக வந்து மந்திரித்த தண்ணீரைத் தெளிப்போம். சார் சுவரோரம் தள்ளி நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும். வரிசை முடிந்ததும் அவரே வந்தார். தண்ணீர்க் கிண்ணம் தாழ்வான ஸ்டூலில் இருந்தது. கைத்தடியை என்னிடம் கொடுத்தார். ஒரு முழங்காலை மெதுவாகத் தரையில் ஊன்றினார். கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து ஒரு கணம் பார்த்தார். பிறகு இலைக் கொத்தை நனைத்து எடுத்து, சவேரி அண்ணன் மேல் தெளித்தார். எழுந்திருக்க நான்தான் கை கொடுத்தேன்.

அன்று வாசலில் செருப்பைப் போடும்போது, "புஷ்பம், பட்டறையில அந்தக் குப்பி இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் வற்றிப்போய்விட்டது என்றேன். "வத்த விடாதீங்க" என்றார். அதனால் அதற்குப் பிறகு கோயிலிலிருந்து நான் கொண்டுவந்து நிரப்பினேன்.

பிரியா, குப்பியைக் கழற்றக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. இப்போது வரும் ட்யூபுகளைத் திறந்து அடைக்க வேண்டியதில்லை, துடைக்க மட்டும்தான் ஸ்பிரிட் வேண்டும், எனக்கும் தெரியும். ஆனால் மாட்டுவதாக இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும். ஸ்டீல் கதவில் ஆணி இறங்காது. கைப்பிடியில்தான் கட்ட வேண்டும். நூல் போட்டால் நம் ஊர்க் காற்றில் இற்றுப்போகும், இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். கழுவும் தொட்டிக்கு மேலே உள்ள தட்டில், டப்பாவுக்குள் டங்ஸ்டன் கம்பி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நாலு புரியாக முறுக்கினால் அந்தக் குப்பியைத் தாங்கும். தண்ணீர் வற்றினால் ஆள் அனுப்புங்கள், நான் கொண்டுவருகிறேன்.